தட்டையாக ஒரு மூடி

புதிதாக இந்தப் படகுக் கருவி வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது. நாலு பேர் எதிரில் உட்கார்ந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கண் பார்வை மங்கியதால் மற்றவர்களுக்கு முன்பே வேலையையும் விட்டுவிட்டேன். ஆனால் பொறுமையாக உட்கார்ந்து எழுதினால் மனதில் இருப்பது தாளில் இறங்கிவிடும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

எழுதும்போதே எரிச்சல் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் உங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தேன். ஒருவர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்ககிட்ட நல்லாத்தான் சார் ஓடுது." சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அந்தக் கருவியைத் திரும்ப அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டினார். வேலை முடிந்ததாம். அந்த ஒரு வாக்கியத்தால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் ஷெட் பென்னலூர் பக்கத்தில் இருந்தது. கடல் எங்கே, பென்னலூர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முதலாளி அதுவரை ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் படகு ரேடியோக்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். கார் கம்பெனிகள் வந்து, ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஆளாளுக்கு ஷெட் போட ஆரம்பித்த காலத்தில் அவரும் வந்து ஒன்று போட்டார். தகரக் கூரை, இரும்புத் தூண். ஒரு பக்கம் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப், மறுபக்கம் வெல்டிங் ஷாப். நடுவில் உட்கார்ந்து நாங்கள் திசைகாட்டிகளைச் சரிபார்க்க வேண்டும். பூமியின் காந்தத்தை உணர்ந்து வடக்கைக் காட்டுகிற பொருளை நாலு பக்கமும் இரும்பு நிற்கிற இடத்தில் வைத்துச் சோதிப்பது, சந்தைக்கு நடுவில் உட்கார்ந்து ஒருவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்பது மாதிரி. பிரஸ் ஷாப்புக்குத் தகடு ஏற்றிய லாரி வந்து நின்றால் எங்கள் வடக்கு கொஞ்சம் நகரும். லாரி போனால் திரும்பி வரும். முதலாளி வெளியே ஓடிப்போய், "யோவ், வண்டிய அந்தாண்ட நிறுத்துய்யா, இங்க வேல நடக்குது" என்று கத்துவார். லாரிக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு பீடி பற்றவைப்பான்.

கடைசியில் ஷெட்டுக்குப் பின்னால் காலி மனையில், ஒரு இரும்பு ஆணிகூட இல்லாமல் மர மேஜை ஒன்று செய்து, அதன் பலகை சுற்றும்படி நடுவில் பித்தளை அச்சு வைத்தோம். திசைகாட்டியை அதன்மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். எங்களுக்கு அதுதான் கடல்.

வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த பெரிய மீன்பிடிப் படகுகளை இங்கே சிலர் வாங்கி வருவார்கள். அவற்றில் பழங்காலத்து ஆட்டோபைலட் இருக்கும். போக வேண்டிய திசையை வைத்துவிட்டால் சுக்கானைத் தானே திருப்பிப் படகை அதே திசையில் கொண்டுபோகும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு ஓட்டுகிறவரையும் டிரைவர் என்றுதான் சொல்வார்கள். அந்த டிரைவர் கையை விட்டுவிட்டு ஆட்களோடு சேர்ந்து வலை வேலையைப் பார்க்கலாம். அந்தக் கருவிகளின் மோட்டார்கள் எருமை மாதிரி, எவ்வளவு போட்டாலும் இழுக்கும். உள்ளே இருக்கும் மின்பாகங்கள்தான் செத்துப்போயிருக்கும், உதிரியும் கிடைக்காது. நாங்கள் மோட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு மூளையையும் திசைகாட்டியையும் புதிதாகச் செய்து, திசை எண் காட்டுகிற ஒரே பெட்டிக்குள் பொருத்துவோம்.

அப்படி ஒரு காசிமேட்டு ஓனருக்குச் செய்து கொடுத்தோம். துறைமுகத்தில் பொருத்தி, ஓனரையும் ஏற்றிக்கொண்டு முதலாளியே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார். கோடு கிழித்த மாதிரி போனது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

முதல் தடவை தொழிலுக்குப் போனதும் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. டிரைவர் பின்னால் வலையருகே நின்றுகொண்டிருந்தார். படகு மெல்ல வளைந்துபோய் இன்னொருவர் விரித்திருந்த வலையை அறுத்துவிட்டது. கருவியைக் கழற்றி எங்களிடம் அனுப்பினார்கள். மர மேஜையில் வைத்துச் சுற்றினோம். ஒரு குறையும் இல்லை. நல்லாத்தான் ஓடுது என்று சொல்லி அனுப்பினோம். இரண்டாம் தடவை, நங்கூரம் போட்டு நின்ற ஒரு படகை உரசிவிட்டு வந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. மறுபடியும் கருவி வந்தது. மறுபடியும் சுற்றினோம். மறுபடியும் நல்லாத்தான் ஓடியது.

பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று போர்டுகளை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தது முத்துமாரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் ஒரு வாடகை அறையில் நாலைந்து பெண்களோடு தங்கியிருந்தாள். கடலைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் அவள் பற்றவைத்த போர்டு திரும்பி வந்ததே கிடையாது. அதனால் எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் கோபம்.

"ஏகாம்பரண்ணே, இந்தப் பொட்டி என்னையக் கேவலப்படுத்துததுக்குன்னே வருது. பத்தவச்ச ஒவ்வொரு எடத்தையும் உருக்கி மறுபடி வச்சிட்டேன். இனி நான் என்ன, என் ரத்தத்தையா ஊத்தணும்?"

"நீ இன்னாத்துக்குக் கத்துற? நானா கடல்ல போயி இட்சிட்டு வந்தேன்?"

இப்படித்தான் எங்களுக்குள் நடக்கும். முதலாளி என் பொருத்தலைச் சந்தேகப்படுவார். நான் அவள் போர்டைச் சந்தேகப்படுவேன். அவள் முதலாளியின் வரைபடத்தைச் சந்தேகப்படுவாள். ஒருவரும் கருவியைவிட்டு வெளியே பார்க்கவில்லை.

காசிமேட்டில் அவர்கள் டிரைவரைச் சந்தேகப்பட்டார்கள். அவர் பெயர் சவரி. கரையில் குடிப்பார். அது எல்லோருக்கும் தெரியும். கடலில் தொடமாட்டேன் என்று அவர் சொல்வதும் எல்லோருக்கும் தெரியும். அதை நம்பினவர்தான் யாரும் இல்லை. போட்டுவிட்டுத் தூங்கியிருப்பான், எழுந்து பார்த்து மெஷின்மேல் பழி போடுகிறான் என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. இரண்டாம் தடவை பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். போகும்போது என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏகாம்பரம், மிஷின்ல கோளாறு கீதுன்னு ஒரு வார்த்த சொல்லுபா. ஒரே வார்த்த. ஓனரு உன் பேச்சக் கேப்பாரு."

"கோளாறு இல்லாம எப்டி சவரி சொல்றது?"

"அப்ப நான்தான் கோளாறா?"

பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். தடை முடிந்து கிளம்பும்போதுதான் ஓனர்கள் ஆள் மாற்றுவார்கள். அந்த நேரத்தில் இறக்கிவிடப்பட்ட டிரைவரை, அதுவும் குடித்துவிட்டுத் தூங்கினான் என்ற பெயரோடு இறங்கியவரை, அந்தத் துறைமுகத்தில் எந்தப் படகும் ஏற்றாது. வலை இழுக்கப் போகலாம் என்றால் சவரிக்கு அதற்கு வயதும் தாண்டிவிட்டது. எங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில்தான் அவர் பிழைப்பு இருந்தது. நாங்கள் அதுவரை சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அவரைக் கடலிலிருந்து வெளியேற்றுகிற வார்த்தை. அதை நாங்கள் உணரக்கூட இல்லை, பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தடை முடிய சில நாட்கள் இருக்கும்போது ஓனரே வேனில் வந்து இறங்கினார். கூடவே பெட்டியோடு சவரி. ஓனர் வெள்ளை வேட்டி கட்டிய பருத்த மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். துறைமுகத்தில் ஆளுக்கு ஆள் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

"எனக்கு ஒரே பதிலுதான் வோணும். மிஷினா, ஆளா? சொல்லிட்டா நான் கெளம்பிகினே இருப்பேன்."

முதலாளி பின்பக்கம் அழைத்துப்போய் மர மேஜையில் பெட்டியை வைத்தார். நான் சுற்றினேன். திசை எண்கள் ஒழுங்காக மாறின. நிறுத்தினேன், நின்றன. திருப்பினேன், திரும்பின. பக்கத்துக் கம்பெனியில் டீ நேரம் போலிருக்கிறது, மதில்மேல் ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"பாருங்க சார். எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது" என்றார் முதலாளி.

"கேட்டியா சவரி? நல்லாத்தான் ஓடுதாம்."

"இங்க ஓடுதுபா. இங்க அலை கீதா, காத்து கீதா? எல்லாம் மேசமேல ஓடும்" என்றார் சவரி.

"மறுபடி ஒருதபா சுத்துங்க ஏகாம்பரம்" என்றார் முதலாளி.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதே பெட்டியை இதே மேஜையில் எத்தனையோ தடவை சுற்றியாகிவிட்டது. இன்னொரு தடவை சுற்றினால் மட்டும் என்ன புதிதாகத் தெரியப்போகிறது? வந்தவர்கள் எதிரில் நான் வாயே திறக்க மாட்டேன். அன்று திறந்துவிட்டேன்.

"சுத்திச் சுத்திக் கையே வுட்டுப் போச்சு சார். நான் ஓட்டறதப் பாத்து இன்னா ஆகப்போவுது? சவரி, நீ வா. நீயே ஓட்டிக் காட்டு. கடல்ல ஏறுனதுலேர்ந்து இன்னா இன்னா செய்வியோ அத்தையே செய்யி. ஒண்ணு வுடாம."

தம்பிகளே, இதில் என் அறிவு ஒன்றும் இல்லை. வெறும் சலிப்பு. ஆனால் அன்று முதல் எனக்கு ஒரு வழக்கம் ஆகிவிட்டது. கருவி திரும்பி வந்தால் கருவியைத் திறப்பதற்கு முன்னால், அதைப் பிடித்து ஓட்டுகிறவரை ஓட்டிக் காட்டச் சொல்வேன். நீங்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவீர்கள், நாளைக்கே திருப்புளியை எடுத்துத் திறப்பீர்கள். தெரியும்.

சவரி மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முதலில் கூச்சம். மதில்மேல் இருந்தவர்களில் ஒருவன், "டிக்கெட் உண்டாண்ணே?" என்றான். "நீ ஏறுனா போட்டு முழுவிடும், எறங்கு" என்றார் சவரி. அந்தச் சிரிப்பில் கூச்சம் போய்விட்டது. காலை அகட்டி வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். இல்லாத சக்கரத்தைப் பிடித்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தில் நீர்த்தொட்டியைப் பார்த்தார். "முகத்துவாரம் தாண்டியாச்சு" என்றார். துண்டால் பெட்டியைத் துடைத்தார். திசை வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

அடுத்து அவர் கை தானாகத் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் போனது. போனது பாதியில் நின்றது. ஓனரைப் பார்த்தார். கையை வெளியே எடுத்துவிட்டார்.

"அவ்ளோதான்பா. அப்புறம் வலைக்குப் போயிருவேன்."

முத்துமாரி விடவில்லை. "பையில என்னமோ எடுக்கப் போனீயள்லா? அத எடுங்க."

"அது ஒண்ணுமில்லமா."

"ஒண்ணுமில்லன்னா எடுத்துக் காட்டுததுக்கு என்ன?"

ஓனர் முகம் மாறிவிட்டது. "அதான் பாட்டிலு. பாத்துக்கங்க எல்லாரும். பொத்தான அமுக்கிட்டு அடுத்தது அதான். கை தானா போவுது பாருங்க." குரலில் கோபம்கூட இல்லை, கசப்புதான் இருந்தது. "எத்தினி வருசமாடா சொல்றேன். எட்றா, எல்லாரும் பாக்கட்டும்."

எனக்கும் அது பாட்டில் என்றுதான் பட்டது. சவரி பையைத் திறந்தார். ஒரு வெள்ளைத் துணியைப் பிரித்தார். உள்ளே கை அளவு வேளாங்கண்ணி மாதா சிலை. கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார்களே, அந்த மாதிரி. கூடவே சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வளையம்.

"போன திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போயி நேந்துகினு வந்தேன். அன்னிலேர்ந்து கரையிலகூடத் தொடல. சொன்னா எவன் நம்புவான்? நெனப்பு வந்தா ஆத்தா மூஞ்சியப் பாத்துக்குவேன். அதுக்காவத்தான் எதுர்ல வெச்சிக்கினு ஓட்றது."

"எங்க வெப்ப?" என்றேன்.

சிலையை எடுத்து எங்கள் திசைகாட்டிப் பெட்டியின் மூடிமேல் வைத்தார். டியூப் வளையத்தைச் சிலையின் காலுக்கும் பெட்டிக்குமாக மாட்டினார். சிலை ஆடாமல் நின்றது. படகு ஓட்டுகிற அறையில் கண்ணுக்கு நேராக, சாமான் வைக்க வாட்டமாக இருந்த ஒரே இடம் அதுதான்.

"அடியில காந்தம் கீது. ஆனா இதுல ஒட்டல. அதான் டியூபு போட்டேன்" என்றார்.

பெட்டி அலுமினியம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டாவிட்டாலும் காந்தம் காந்தம்தானே. முத்துமாரி பலகையைச் சுற்றினாள். திசை எண்கள் அசையவில்லை. அரைவட்டம் சுற்றினாள். லேசாக ஆடி அதே இடத்தில் நின்றன. சிலையும் பெட்டியோடு சேர்ந்து சுற்றுகிறது அல்லவா? பக்கத்திலேயே இருக்கிற காந்தத்தின் பலத்தில் பூமியின் காந்தம் அந்தக் கருவிக்குத் தெரியவே இல்லை. படகு எந்தப் பக்கம் திரும்பினாலும், நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அது சும்மா இருந்திருக்கிறது.

"அப்ப நானும் ஓனரும் வந்து பாத்த அன்னைக்கு?" என்றார் முதலாளி.

"அன்னிக்கு நாம தொழிலுக்கா போனோம்? சும்மா ரவுண்டு அட்சோம். அதுக்கு எதுக்கு சார் மாதா?"

"கரைக்கு வந்தா எடுத்துருவீங்களா?"

"பின்ன? ஆளில்லாத போட்டுல ஆத்தாளத் தனியா வுட்டுட்டு நான் மட்டும் வூட்டுக்குப் போவ முடியுமா?"

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு செங்கல்மேல் உட்கார்ந்தார். தொழிலுக்குப் போகும்போது மட்டும் இருக்கிறது. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் இல்லை. இப்படி ஒரு பழுதை உலகத்தில் எந்த ஷெட்டில் வைத்துக் கண்டுபிடிப்பது?

ஓனர் மட்டும் தெளிவாக இருந்தார். "ஆக, மிஷின் சரியாத்தான் கீது. இவன்தான் காந்தத்தக் கொண்டாந்து வெச்சான். ஆளுதான் தப்பு. அதானே?"

சவரி சிலையைக் கையில் எடுத்துக்கொண்டார். "மாதா மேல பழி போடாதீங்கபா" என்று மட்டும் சொன்னார். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இந்த இடத்தைத்தான் உங்களுக்காக எழுதுகிறேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் ஷெட்டின் பெயர் தப்பிக்கும். அது பொய்யும் இல்லை. காந்தத்தை வைத்தவர் சவரிதான். முதலாளி என்னைப் பார்த்தார். சோதித்தவன் நான்தானே, நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பார்வை.

நான் ஷெட்டுக்குள் போய், பழைய சாமான் குவியலைக் கிளறி, அந்தப் படகிலிருந்து கழற்றிப் போட்ட பழைய திசைகாட்டியை எடுத்து வந்தேன். வெளிநாட்டுக்காரன் செய்தது. மேல்மூடி பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி உருண்டையாக இருந்தது. அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன்.

"சவரி, இதும்மேல மாதாவ வெய்யி."

அவர் வைத்தார். வழுக்கியது. பிடித்துக்கொண்டார்.

"டீ கிளாஸு?" என்று ஓனரைப் பார்த்துக் கேட்டேன். "கத்தி? டார்ச் லைட்டு? எதுனா நிக்குமா இதும்மேல?"

அதற்குமேல் எனக்கு நாக்கு எழவில்லை. பாதியில் நின்றுவிட்டேன். மதில்மேல் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

மீதியைச் சொன்னவர் முதலாளிதான். செங்கல்மேல் உட்கார்ந்தபடியே சொன்னார். "அந்த வெளிநாட்டுக்காரன் யோசிச்சு உருண்டையா வெச்சிருக்கான் சார். படகுல ஆளுங்க கைக்குக் கிடைச்ச இடத்துல எதையாவது வெப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும். நாங்க தட்டையா வெச்சோம். பக்கத்துல வல்லம் ஊர்ல கார் பார்ட்ஸுக்கு டப்பா அடிக்கிறவங்ககிட்ட ஒரே அளவுல நூறு டப்பா வாங்குனேன். உருண்டையா வேணும்னா அதுக்குத் தனி அச்சு செய்யணும்னாங்க. எதுக்குன்னு விட்டுட்டேன். மேல அலமாரி மாதிரி செஞ்சு குடுத்துட்டு ஏன் சாமான் வெச்சேன்னு அவர கேக்க முடியாது. தப்பு பொட்டியிலதான்."

ஓனர் கொஞ்ச நேரம் பழைய மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் சேந்து என் தலையில மொளகா அரைக்கிறீங்களா இன்னான்னு தெரியல. சரி. தடை முடிஞ்சு மொத நாளு நானே போட்ல ஏறுவேன். நேராப் போச்சுன்னா சவரி இருக்கட்டும். கோணிச்சுன்னா உங்க பொட்டியும் வோணாம், அவனும் வோணாம்."

போய்விட்டார். சவரியைக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

பிறகுதான் உண்மையான சண்டை. முத்துமாரி சிலையின் அடியில் இருந்த காந்தத்தைச் சூடான கத்தியால் வழித்து எடுத்தாள். "அண்ணாச்சி, நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க" என்று சவரியைத் திருப்பி நிற்க வைத்துவிட்டுத்தான் செய்தாள். அவர் அந்தப் பக்கம் பார்த்தபடி, "வலிக்காம எடும்மா" என்றார். காந்தத்துக்குப் பதில் மரத்துண்டு வைத்து ஒட்டினோம். உடனே முதலாளி, "அவ்ளோதானே, முடிஞ்சுது. இனி மூடிய எதுக்கு மாத்தணும்?" என்று ஆரம்பித்தார். ஓனர் எதிரில் அப்படிப் பேசிய அதே மனிதர்தான். நாளைக்கு இன்னொருவர் அங்கே டேப் ரிக்கார்டரை வைப்பார், ஸ்பீக்கருக்குள்ளும் காந்தம் இருக்கிறது என்று நான் சொன்னேன். "வைக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டிடுவோம்" என்றார். இதுவரை எத்தனை பேர் எழுதி ஒட்டியதைப் படித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "அப்ப அச்சுக்கு எங்க போறது?" என்று கத்தினார். நானும் கத்தினேன். உங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் அதோடு எல்லோருக்கும் பசி அடங்கிவிடும். அது மறுபடி வராமல் செய்கிற வேலை யாருக்கும் ருசிக்காது.

முடிவில் முத்துமாரி ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துப் பாத்திரக்கடையில் சின்ன அலுமினியக் குண்டான் ஒன்றை வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். "இதக் கவுத்துங்கண்ணே. சண்டையாவது நிக்கும்." கவிழ்த்தால் கச்சிதமாக உருண்டை. விளிம்பை வெட்டி, பித்தளைத் திருகு போட்டு மூடிமேல் பொருத்தினேன். சோற்றுப் பானை என்று கேலி செய்தார்கள். அதன்பிறகு எங்கள் ஷெட்டில் செய்த எல்லாப் பெட்டியும் சோற்றுப் பானையோடுதான் போனது.

தடை முடிந்து படகுகள் கிளம்புகிற அன்று விடியற்காலையில் முதலாளி என்னைக் காசிமேட்டுக்கு அனுப்பினார். பெட்டியைப் பொருத்தினேன். இறங்கலாம் என்று பார்த்தால், "நீயும் வா, வழில எதுனா ஆச்சுன்னா ஆரு பாக்கறது?" என்று ஓனர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அதுவரை நான் கடலில் போனது கிடையாது. படகுக் கருவிகளோடு அத்தனை காலம் உழன்றவன் கடலில் கால் வைத்ததில்லை என்றால் சிரிப்பீர்கள். என்னை யார் கூப்பிட்டார்கள்?

சவரி மாதாவைச் சக்கரத்துக்கு வலப்பக்கம் ஒரு பலகையில், டியூப் வளையத்தால் கட்டி நிறுத்தினார். ஓனர் அவருக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துவாரம் தாண்டியதும் சவரி திசை வைத்தார். பொத்தானை அழுத்தினார். ஆனால் சக்கரத்தை விடவில்லை. விரல்கள் அதன்மேலேயே இருந்தன. ஓனர் எழுந்து வந்து திசை எண்ணைப் பார்த்தார். தூரத்தில் தெரிந்த கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்துக் கம்பியைப் பிடிக்கப் போனேன், கை வழுக்கியது. பாதி உடம்பு வெளியே தொங்க வாந்தி எடுத்தேன். படகு நேராகப் போனதா என்று ஷெட்டில் எல்லோரும் பிறகு கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் தண்ணீரைத்தான் பார்த்தேன்.

ஒன்று மட்டும் தெரியும். சவரி சக்கரத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். "எடு, எடு, மொத தபா அப்டித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். வெகு நேரம் நின்றார். சக்கரம் தானாக இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் அசைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு தடவை தலையைத் தூக்கியபோது ஓனர் எங்கள் இருவரையும் தாண்டி நடந்து போவது தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். திசை எண்ணையும் பார்க்கவில்லை, ஆள் இல்லாமல் அசைந்துகொண்டிருந்த சக்கரத்தையும் பார்க்கவில்லை. படிக்கட்டில் இறங்கி, கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.